பட்டாம்பூச்சியின் பின்னால் ஓடாதீர்கள்: இளவேனில் படங்களில் நேரும் பிழைகள்

இளவேனில் தொடங்கியதும் கேமராவோடு வெளியே கிளம்புபவர்களின் முதல் நாள் படங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியாக இருக்கும். நடுவில் ஒரு பூ, அதன் ஓரத்தில் கலங்கலாக ஒரு சிறகு. இல்லாவிட்டால், சற்று முன்புவரை பூச்சி உட்கார்ந்திருந்த வெற்று இலை. உடனே லென்ஸின் மீது பழி விழுகிறது. பழி விழ வேண்டிய இடம் பெரும்பாலும் நம் கால்கள்தான். பொத்தானை அழுத்துவதற்கு முன்பே, நாம் நெருங்கிய விதத்திலேயே படம் கெட்டுப்போயிருக்கும்.

பட்டாம்பூச்சியின் கூட்டுக்கண் நுணுக்கமான விவரங்களைக் காண்பதில் நம் கண்ணை விடப் பின்தங்கியது. ஆனால் அசைவைக் கண்டுகொள்வதில் மிகக் கூர்மையானது. ஆகவே பூவருகே வேகமாகச் சென்று, இடுப்பளவில் தொங்கிய கேமராவைத் திடீரென முகத்துக்கு உயர்த்துவது அதை விரட்டுவதற்கு ஒப்பாகும். தொலைவிலேயே கேமராவைக் கண்ணருகே வைத்துக்கொண்டு, உடலைத் தாழ்த்தி, நேராக அன்றிப் பக்கவாட்டில் மெல்ல நகர வேண்டும். அதைவிட முக்கியம், நம் நிழல் அதன் மீது விழக் கூடாது. வெயில் காய்ந்துகொண்டிருக்கும் பூச்சிக்கு மேலே சட்டென்று விழும் நிழல், பறவை வந்துவிட்டது என்பதற்கு நிகரான எச்சரிக்கை. கைப்பேசியில் எடுப்பவர்கள் இங்கேதான் அதிகம் தவறுகிறார்கள். பல கைப்பேசிகளின் மேக்ரோ (மிக நெருங்கி எடுக்கும்) வசதி, பொருளுக்குச் சில சென்டிமீட்டர் தொலைவில் கொண்டுபோய் வைத்தால்தான் வேலை செய்யும். அந்த நெருக்கத்தில் கைப்பேசியே நிழலாகிவிடும். டெலிஃபோட்டோ லென்ஸ் (தொலைவில் உள்ளதைப் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ்) உள்ள கைப்பேசியானால், சற்றுத் தள்ளி நின்று அதில் எடுப்பதே நல்லது.

பறந்துவிட்டால் துரத்தவும் வேண்டாம். பல இனங்களின் ஆண் பூச்சிகள் தமக்கென ஓர் இடத்தைக் காவல் காப்பவை. எழுந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அதே கிளை நுனிக்குத் திரும்பி வந்து உட்காரும். அங்கே குவியத்தை (ஃபோகஸை) சரிசெய்து வைத்துக்கொண்டு அசையாமல் இருப்பவருக்குத்தான் படம் கிடைக்கும். ஈரமண்ணில் உப்புச் சத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும் பூச்சிகளும், மெதுவாகச் சென்றால், நம்மை வியப்பூட்டும் அளவுக்கு நெருங்க விடும்.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில் நேரும் பிழை இன்னும் பெரியது. நல்ல வெளிச்சம் வேண்டும் என்று உச்சிவேளையில் போகிறவர்கள், பூச்சி மிக அதிகமாகச் சுறுசுறுப்பாக இருக்கும் நேரத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள். பட்டாம்பூச்சி பறப்பதற்குத் தேவையான உடல் வெப்பத்தைப் பெரும்பாலும் வெயிலிலிருந்துதான் பெறுகிறது. மார்புத் தசைகள் ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸை எட்டினால்தான் பல இனங்களால் நன்றாகப் பறக்க முடியும். இளவேனிற் காலையில் குளிர் இன்னும் தங்கியிருப்பதால், அந்த வெப்பத்தைச் சேர்க்க அவை நெடுநேரம் வெயில் காய்கின்றன. சில இனங்கள் சிறகுகளை விரித்து வைக்கும். மஞ்சள் நிற இனங்கள் சில, சிறகுகளை மூடி உடலைப் பக்கவாட்டில் வெயிலுக்குத் திருப்பிக்கொள்ளும். நமக்கு வாய்ப்பான நேரம் அதுவே. இந்த உண்மையை அறிந்த சிலர், பூச்சியைப் பிடித்துக் குளிர்பெட்டியில் வைத்து மரத்துப்போகச் செய்து படமெடுக்கிறார்கள். அதைக் குறுக்குவழி என்றுகூடச் சொல்ல மாட்டேன், அது கொடுமை. கொஞ்சம் பழகிய கண்ணுக்கு, அப்படிப்பட்ட படத்தில் பூச்சி உட்கார்ந்திருக்கும் விதமே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இனி குவியம். முழுச்சட்டக (ஃபுல் ஃபிரேம்) சென்சாரில், பூச்சியின் உருவம் அதன் உண்மை அளவிலேயே சென்சாரில் பதியும்படி நெருங்கி, அபெர்ச்சரை (லென்ஸில் ஒளி நுழையும் துளையை) எஃப் 8-இல் வைத்து எடுத்தாலும், கூர்மையாகத் தெரியும் ஆழம் சுமார் 1 மில்லிமீட்டர்தான்; உருவம் உண்மை அளவில் பாதியாகப் பதியும்படி பின்வாங்கினால் அது ஏறத்தாழ 3 மில்லிமீட்டராகும். அபெர்ச்சரை மேலும் மேலும் சுருக்கினால், சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் (டிஃப்ராக்ஷன்) படம் முழுவதுமே மழுங்கும். ஆகவே எண்களைத் திருகுவதைவிட, மூடிய சிறகின் தளத்துக்குக் கேமராவின் முதுகு இணையாக இருக்கும்படி நாம் நகர்வது பயன் தரும். கூர்மை எங்கே விழுந்தாலும் கண்ணில் விழுந்தாக வேண்டும். இதில் நீலன்கள் எனப்படும் சிறு பட்டாம்பூச்சிகள் நம்மை நன்றாக ஏமாற்றும்: அவற்றில் பல இனங்களுக்குப் பின்சிறகின் ஓரத்தில் கண் போன்ற புள்ளியும், உணர்கொம்பு போன்ற மெல்லிய வாலும் உண்டு. தலையைக் கொத்த வரும் பறவையைத் திசைதிருப்ப அமைந்த இந்தப் பொய்த்தலை, தானியங்கிக் குவியத்தையும் திசைதிருப்பிவிடும். திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான், வாலைக் கூர்மையாக எடுத்து வந்திருக்கிறோம் என்பது தெரியும்.

ஷட்டர் வேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தேன் குடிக்கும் பூச்சிக்கு 1/500 விநாடியும், பறப்பதற்கு 1/2000 அல்லது அதைவிட வேகமும் தேவை. நடுக்கத்தடுப்பு வசதி நம் கையின் நடுக்கத்தை அடக்குமே ஒழிய, பூச்சியின் சிறகையோ காற்றிலாடும் பூவையோ நிறுத்தாது. கரும்பச்சை இலைகளின் நடுவே வெள்ளைப் பூச்சி இருந்தால், ஒளி அளவி அந்த இருட்டைப் பார்த்து ஏமாந்து, சிறகை வெறும் வெள்ளைத் தாளாக்கிவிடும். ஒளிப்பதிவை மூன்றில் இரண்டு ஸ்டாப் அல்லது ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்) குறைத்து எடுத்தால் சிறகின் செதில்களும் நரம்போட்டமும் தங்கும். பின்னணியில் குறுக்கிடும் தண்டை ஒடித்து எறிவதும் பரவலான தவறு. அந்த இலையின் அடியில் முட்டையோ புழுவோ இருக்கலாம். ஓரடி இடம் மாறினால் பின்னணியும் மாறிவிடும்.

அதே வெளியில் மனிதர்களைப் படமெடுக்கும்போதும் நாம் செய்வது துரத்தல்தான், வாய்மொழியால் செய்கிறோம் என்பது மட்டுமே வேறுபாடு. உதிர்ந்த பூக்களைப் பொறுக்கிக்கொண்டிருக்கும் குழந்தையை "இங்கே பார், சிரி" என்று அழைத்த கணமே, நாம் எடுக்க நினைத்த காட்சி முடிந்துவிடுகிறது. நின்ற உயரத்திலிருந்து எடுத்தால் உச்சந்தலையும் தரையும்தான் படத்தில் மிஞ்சும்; குழந்தையின் கண் மட்டத்துக்குக் குந்தி, அது நம்மை மறக்கும்வரை காத்திருக்க வேண்டும். மரத்தடி நிழல் பாதுகாப்பானது என்று நம்பி, இலைகளுக்கிடையே வெயில் புள்ளி புள்ளியாக விழும் இடத்தில் முகத்தை வைப்பது மற்றொரு பிழை. முழு நிழலின் விளிம்பில், முகம் திறந்த வானத்தைப் பார்க்கும்படி இருந்தால் ஒளி மென்மையாகப் படியும். தழைகளுக்கு மிக அருகில் நின்றால் தோலில் பச்சைச் சாயல் ஏறும். இரண்டடி விலகினாலே அது குறையும். முன்பின் அறியாதவரின் குழந்தையானால், காத்திருக்கத் தொடங்குவதற்கு முன்பே பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதே முறை.