டெர்மினல் யன்னலுக்குப் பெயர் வையுங்கள்

கிளிநொச்சி, மாங்குளம், முல்லைத்தீவு என்று மூன்று கிளைகளின் சேர்வர்களை டெர்மினலில், அதாவது கட்டளை அடிக்கும் யன்னல்களில், ஒரே திரையில் திறந்து வேலை செய்பவர்கள், ஸ்கிரிப்டின் (கட்டளைகளை எழுதிவைத்த கோப்பின்) தொடக்கத்திலேயே பிரிண்ட்எஃப் (printf) கட்டளையால் '\033]2;மாங்குளம் பேக்கப்\007' என்று அனுப்பிவிடுங்கள். யன்னலின் தலைப்பு உடனே மாறும். தவறான சேர்வரில் கட்டளை அடிக்கும் ஆபத்து நன்றாகக் குறையும்.

\033 என்பது எஸ்கேப் எழுத்து. அதோடு ]2; வந்தால், \007 வரையுள்ளதை டெர்மினல் திரையில் அச்சிடாமல் தலைப்பாக எடுத்துக்கொள்ளும். அந்த \007 விடுபட்டால் பின்னால் வரும் வெளியீட்டையும் தலைப்பென்று விழுங்கிவிடும், கவனம். சி, பைதன் புரோகிராம்களில் வரிமுடிவு இல்லாததால் இது பஃபரில் (வெளியீட்டைத் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் நினைவகத்தில்) தங்கிவிடலாம். அனுப்பியதும் ஃப்ளஷ் செய்யுங்கள், அதாவது தங்கியிருப்பதை உடனே வெளியே தள்ளுங்கள்.

உபுண்டுவின் வழமையான பாஷ் புராம்ப்ட் (அடுத்த கட்டளைக்காகக் காத்திருக்கும்போது வரும் வரி) தானும் தலைப்பு எழுதும். ஆகவே ஸ்கிரிப்ட் முடிந்ததும் உங்கள் தலைப்பு போய்விடும். நீண்ட நேரம் ஓடும் வேலைகளுக்கே இது பொருந்தும். வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பினால் இந்தக் குறிகள் லொக் கோப்பிலும் விழும். எனவே வெளியீடு டெர்மினலுக்குத்தான் போகிறதா என்று சோதித்த பிறகே அனுப்புங்கள். ஒரே டெர்மினலுக்குள் பல அமர்வுகளைத் திறக்க உதவும் டீமக்ஸுக்குள் (tmux) ஓடினால், அதில் தலைப்பு அமைப்பை இயக்காதவரை வெளி யன்னலின் தலைப்பு மாறாது.