பழைய சேலையில் கத்தரி வைக்கும் முன்

நான் முதன்முதலில் தைத்த துணிப்பை நான்கு நாள்தான் உழைத்தது. அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையில் தைத்தது. புள்ளிகள் மங்காமல் பளிச்சென்று இருந்த பகுதியாகப் பார்த்து வெட்டியிருந்தேன். சந்தையிலிருந்து திரும்பி பஸ் ஏறும்போது அடிப்பக்கம் டர்ரென்று கிழிந்து, இரண்டு கிலோ தக்காளியும் படிக்கட்டில் உருண்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால் தையல் அப்படியே இருக்கிறது. தையலுக்குப் பக்கத்தில் துணிதான் இற்றுப்போயிருந்தது.

கடையில் மீட்டர் கணக்கில் வாங்கும் துணி எல்லா இடத்திலும் ஒரே பலத்தோடு இருக்கும். பதினைந்து வருடம் உடுத்தித் துவைத்த சேலை அப்படி இருக்காது. பழைய பொருள் எல்லாமே இப்படித்தான். எங்கோ தேய்ந்திருக்கும், எதையோ உறிஞ்சியிருக்கும், எதன் பிசுக்கோ ஒட்டியிருக்கும். அதைப் பார்க்காமல் கத்தரிக்கோலை எடுப்பதுதான் முதல் தவறு. 'எனக்கெல்லாம் கைவேலை வராது' என்று விட்டுவிட்டவர்கள் பலரிடம் பேசியிருக்கிறேன். கையில் குறையே இல்லை, எடுத்த பொருள்தான் தப்பு. இது தெரியாமல் ஒதுங்கிப் போகிறார்களே என்று வருத்தமாக இருக்கும்.

துணியை வெளிச்சத்தில் பாருங்கள்

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. வீட்டில் தையல் மெஷின் இருப்பவர்கள் முதலில் கைவைப்பதும் பைதான். எளிதான வேலை, செலவு கிடையாது. ஆனால் பை என்பது எடை தாங்க வேண்டிய பொருள். அலங்காரத் துணிக்குச் சரிப்படுகிற சேலை எல்லாம் அதற்குச் சரிப்படாது.

சேலையை ஜன்னலுக்கு நேரே விரித்துப் பிடியுங்கள். நூல் தேய்ந்த இடத்தில் வெளிச்சம் கூடுதலாக ஊடுருவும். கொசுவம் தரையில் உரசுகிற கீழ்க்கரை, இடுப்பில் செருகுகிற இடம், உட்காரும்போது இழுபடுகிற பகுதி ஆகியவை முதலில் போகும். உள்ளே சுற்றிப் போகிற உள்முந்தி வெயில் படாததால் பெரும்பாலும் கெட்டியாக இருக்கும். அப்புறம் விரல் சோதனை. இரண்டு கட்டைவிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் துணியை அழுத்திப் பிடித்து விலக்கி இழுங்கள். நீளவாக்கில் ஒரு முறை, குறுக்குவாக்கில் ஒரு முறை. நூல்கள் பிரிந்து வழிவிட்டால் அந்த இடம் பைக்கு ஆகாது, தூசி துடைக்க வைத்துக்கொள்ளலாம். ஐந்தரை மீட்டர் சேலையில் பைக்கு இரண்டு மீட்டர் தேறினாலே நல்லது. மெல்லிய சேலை என்றால் இரட்டை மடிப்பாகத் தையுங்கள்.

முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று இரண்டு துண்டாக வெட்டி அடியில் இணைப்பது அடுத்த தவறு. மொத்த எடையும் போய் விழுகிற இடத்திலேயே தையலை வைக்கிறோம். ஒரே நீளத் துண்டாக வெட்டி அடியில் மடித்துவிட்டால் தையல் இரண்டு பக்கங்களில் மட்டும் வரும்.

பைக்கு உயிர் கைப்பிடியில் இருக்கிறது. கைப்பிடிக்கான பட்டையைச் சேலையின் கரைக்கு இணையாக, அதாவது பாவு நூல் ஓடுகிற வாக்கில் வெட்ட வேண்டும். மிச்சத் துணி வீணாகிறதே என்று கோணலாக வெட்டினால் பட்டை இழுபட்டு நீண்டுகொண்டே போகும். நான்கு அங்குல அகலத்தில் வெட்டி நாலாக மடித்தால் ஓர் அங்குலப் பட்டை கிடைக்கும். அதன் நுனியைப் பையின் வாய் மடிப்பில் மட்டும் செருகி ஒரே ஓட்டமாக அடித்துவிட்டுப் போகக் கூடாது. இரண்டு அங்குலம் கீழே இறக்கி, சதுரமாகக் கட்டம் போட்டு, கட்டத்துக்குள் மூலைக்கு மூலை இரண்டு தையல் ஓட்டுங்கள். நான்கு முனைக்கும் பத்து நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும். ஐந்து கிலோ அரிசியைத் தைரியமாகத் தூக்கலாம்.

மிதியடி பின்னுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கையில் கிடைத்த பாலியஸ்டர் சேலையை எல்லாம் கிழித்துப் பின்னிக் குளியலறை வாசலில் போடாதீர்கள். அது தண்ணீரை உறிஞ்சாது, டைல்ஸ் தரையில் வழுக்கவும் செய்யும். வயதானவர்கள் இருக்கிற வீட்டில் இது பெரிய ஆபத்து. எந்தத் துணி என்று சந்தேகமாக இருந்தால் ஒரே ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர் ஊற்றிய தட்டுக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி, காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து பொலபொலவென்று சாம்பலாகும். பாலியஸ்டர் சுருண்டு உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். பட்டு, தலைமுடி கருகும் வாசனை தரும். மிதியடிக்குப் பழைய வேட்டி, துண்டு, பனியன் இவற்றுக்கு ஈடாக வேறு எதுவும் இல்லை.

ஜீன்ஸில் தைக்கிறவர்கள் ஊசியை உடைத்துக்கொள்வது தடித்த மடிப்புகளில்தான். மடிப்பைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கிவிட்டு, 16 அல்லது 18 நம்பர் ஊசி போட்டு மெதுவாக ஓட்டுங்கள்.

எல்லாவற்றுக்கும் ஒரே பசை

ஃபெவிகால் என்ற பெயரிலேயே நாம் சொல்லிப் பழகிய வெள்ளைப் பசை, அதிலிருக்கும் தண்ணீர் வெளியேறினால்தான் இறுகும். மரம், அட்டை, காகிதம், துணி எல்லாம் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், அதனால் பிடிக்கிறது. கண்ணாடியையும் தகரத்தையும் அதில் ஒட்டினால் ஈரம் போக வழியே இல்லை. நடுவில் இருக்கிற பசை நாள்கணக்கில் வெள்ளையாகவே கிடக்கும். கண்ணாடி பாட்டில் மேல் காகிதம் ஒட்டுகிறவர்கள் முதலில் பாட்டிலின் எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பும் வெந்நீரும் போட்டு எடுக்க வேண்டும். லேபிள் கறையை எடுக்கத் தேங்காய் எண்ணெய் தேய்ப்போம். அந்த எண்ணெயையும் கழுவ மறந்துவிடுகிறோம். பிறகு ஒட்டியது பாளம் பாளமாக உரிந்து வரும். தொட்டுப் பார்த்துக் கையில் ஒட்டவில்லை என்றதும் காய்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். முழுப் பிடிப்பு வர ஒரு நாள் விட வேண்டும்.

நொடியில் ஒட்டுகிற சின்னக் குழாய்ப் பசையைப் பஞ்சிலோ பருத்தித் துணியிலோ அதிகமாகக் கொட்டிவிட்டால் சுள்ளென்று சூடேறும், சில சமயம் புகையும். தோலோடு சேர்ந்திருந்தால் தீக்காயம்தான். அதனால் வழிந்த பசையைப் பஞ்சால் துடைக்கவே கூடாது. குழந்தைகள் கையில் இந்தக் குழாயைக் கொடுக்கவும் கூடாது. துப்பாக்கி மாதிரி இருக்கும் சூட்டுப் பசையில் வேறு சிக்கல். நம் ஊர்ச் சித்திரை வெயில் நேராக விழுகிற ஜன்னலோரத்திலோ கார் கண்ணாடிக்குப் பின்னாலோ வைத்தால் இளகி, ஒட்டிய மணிகள் ஒவ்வொன்றாக இறங்கிவிடும். தெர்மாகோலில் கொதிக்கக் கொதிக்க வைத்தால் அது குழிந்து உருகும். ஸ்ப்ரே பெயின்ட்டும் தெர்மாகோலை அரித்துத் தின்றுவிடும்.

காகித வேலைக்குச் செலவே இல்லாத பசை மைதாப் பசை. இதில் எல்லோரும் செய்கிற தவறு, கொதிக்கிற தண்ணீரில் மாவை நேராகக் கொட்டுவது. கட்டி கட்டியாகிவிடும். ஒரு பங்கு மைதாவை முதலில் பச்சைத் தண்ணீரில் தோசைமாவுப் பதத்துக்குக் கரைத்துக்கொள்ளுங்கள். நான்கு பங்கு கொதிநீரில் அதை ஊற்றிக் கிண்டிக்கொண்டே இருந்தால் வெள்ளை நிறம் மாறிக் கண்ணாடி போலப் பளபளப்பு வரும். அதுதான் பதம். இந்தப் பசை மறுநாளே புளிக்கத் தொடங்கும், கரப்பானும் தேடி வரும். பைண்டிங் வேலை செய்கிறவர்கள் இதற்காகத்தான் ஒரு சிட்டிகை மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்ப்பார்கள். அது விஷம். குழந்தைகள் தொடுகிற வேலை என்றால் துத்தம் வேண்டாம், அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சிக்கொள்ளுங்கள். சேர்ப்பதாக இருந்தால் அலுமினியப் பாத்திரத்தில் கரைக்காதீர்கள், துத்தம் அலுமினியத்தை அரித்துவிடும். துத்தம் கரைத்த பாத்திரம் எதையும் மறுபடி சமையலறைக்குள் கொண்டுபோகவும் கூடாது.

காகிதக் கூழும் பருவமும்

பழைய செய்தித்தாளைக் கிழித்து இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து ஆட்டுரலில் ஆட்டி, கவிழ்த்த குடத்தின் மேல் அப்பிக் கூடை செய்கிற வழக்கம் நம் கிராமங்களில் இருந்தது. பாட்டி கையால் தட்டித் தட்டி அப்புவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வெந்தயத்தின் வழுவழுப்பு கூழை இறுக்கிப் பிடிக்கும், கசப்புக்குப் பூச்சி அண்டாது என்பார்கள். இன்றும் மிக்ஸியில் அரைத்துச் செய்யலாம். என்னைக் கேட்டால், காசில்லாமல் செய்யக்கூடிய கைவேலைகளில் இதைவிட அழகானது இல்லை.

ஆனால் இதில் அவசரம் ஆகாது. தடிமனாக ஒரே தடவையில் அப்பினால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நின்று பூஞ்சை பிடிக்கும். அரை விரல் கனத்துக்கு அப்பி, அது காய்ந்த பிறகு அடுத்த அடுக்கு. முதல் நாளே கொளுத்துகிற வெயிலில் வைத்தால் விரிசல் விடும். முதலில் நிழலில், பிறகு வெயிலில். ஐப்பசி, கார்த்திகையில் இதைத் தொடங்கவே வேண்டாம். பங்குனியில் செய்தால் நான்கைந்து நாளில் தட்டினால் 'டொக்' என்று சத்தம் கேட்கிற அளவுக்குக் காய்ந்துவிடும். குடத்தின் மேல் முதலில் ஈரத்துணியைப் போர்த்திவிட்டு அப்புங்கள், இல்லாவிட்டால் கூடை கழன்று வராது. அச்சு மை கலந்திருப்பதால் இதில் முறுக்கோ பழமோ வைக்கக் கூடாது. செய்தித்தாளில் உணவைப் பொட்டலம் கட்டுவதையே உணவுப் பாதுகாப்பு விதிகள் தடை செய்திருக்கின்றன. நூல்கண்டு, ஊசிப்பெட்டி, சாவிக்கொத்து போட்டு வையுங்கள்.

பாட்டில் விஷயத்தில் ஒரு கண்டிப்பு

மண்ணெண்ணெயில் நனைத்த நூலைக் கண்ணாடி பாட்டிலில் சுற்றிக் கொளுத்தி, குளிர்ந்த நீரில் முக்கி உடைக்கிற வீடியோக்கள் நிறைய ஓடுகின்றன. வீட்டில் இதைச் செய்யாதீர்கள். தீயும் சில்லும் ஒரே நேரத்தில் கைக்குப் பக்கத்தில் இருக்கும். உடைந்த விளிம்பைத் தேய்க்கும்போது பறக்கிற தூள் நுரையீரலுக்குக் கேடு. வெட்டாமலே பாட்டிலுக்கு எத்தனையோ வேலை இருக்கிறது. தண்ணீர் ஊற்றி மணிபிளான்ட் கொடியை வையுங்கள், போதும்.

பூச்சிமருந்து பாட்டிலும் பெயின்ட் டப்பாவும் எவ்வளவு கழுவினாலும் கீரை வளர்க்கத் தகுதியானவை அல்ல. தண்ணீர் பாட்டிலை வெட்டித் தொட்டியாகத் தொங்கவிடுகிறோம். கீழே துளை போட மறந்தால் வேர் அழுகும். துளை போட்டாலும் வெயிலில் ஒன்றிரண்டு வருடத்தில் நொறுங்கி மண்ணில் கலந்துவிடும். இதில் நான் என் எண்ணத்தையே மாற்றிக்கொண்டேன். வெறும் பாட்டிலைப் பழைய பேப்பர் கடையில் போட்டால் அது மறுசுழற்சிக்குப் போகும். அதே பாட்டிலில் பெயின்ட் பூசி, ஜிகினா தூவி, கல் ஒட்டிவிட்டால் கடைக்காரரும் எடுக்க மாட்டார். மூன்று மாதம் அலமாரியில் நின்றுவிட்டு அது நேராகக் குப்பைமேட்டுக்குத்தான் போகும். காசு கொடுத்து வாங்கிய பெயின்ட்டும் கல்லும் கூடவே போகும்.

பணக் கணக்கும் இங்கேதான் தப்புகிறது. ஒரு காசு கொடுக்காமல் கிடைத்த டப்பாவுக்கு முந்நூறு ரூபாய் சாமான் வாங்குகிறோம். அந்த விலைக்குப் புது டப்பாவே வந்துவிடும். நல்ல கத்தரிக்கோல், ஊசி நூல், வெள்ளைப் பசை, 80, 120, 220 நம்பர்களில் உப்புத்தாள். ஒரு வருடத்துக்கு இவை போதும். உப்புத்தாளை இந்த வரிசையில்தான் பயன்படுத்த வேண்டும். கொட்டாங்கச்சியின் நாரைக் கத்தியால் சுரண்டிவிட்டு நேராக 220 நம்பரில் தேய்த்தால் கை வலிக்குமே தவிர கோடு போகாது. 80-இல் மேடு பள்ளம் போகும், 120-இல் கீறல் போகும், 220-இல் வழவழப்பு வரும். கடைசியில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்தால் கறுப்பு மின்னும். சாப்பிடுகிற கிண்ணம் என்றால் வார்னிஷ் பூச வேண்டாம்.

என்றைக்காவது ஆகும் என்று சேர்த்து வைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொல்லையில் கொட்டாங்கச்சி, டயர், டப்பா என்று குவித்துவைத்தால் மழைத்தண்ணீர் தேங்கும். டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசு அதில் முட்டையிட்டால் ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். மாநகராட்சியிலிருந்து வருகிறவர்கள் இவற்றைத்தான் முதலில் கவிழ்த்துப் பார்க்கிறார்கள். அதனால் எங்கள் வீட்டில் ஓர் அரிசிச் சாக்குதான் கணக்கு. அது நிரம்பிவிட்டால் பழையதை முடிக்காமல் புதிதாக எதுவும் உள்ளே வராது. இப்போது அதில் அப்பாவின் இரண்டு வேட்டி, ஒரு ஜீன்ஸ், ஆறு கொட்டாங்கச்சி இருக்கின்றன. ஐப்பசி மழைக்கு முன்னால் கொட்டாங்கச்சிகளைத் தேய்த்து முடித்துவிட வேண்டும்.