உயிர் அறிவியலும் சமூகமும்: சட்ட மாணவர் உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது எப்படி?

உயிர் அறிவியலும் சமூகமும் என்ற துறைக்கென வழங்கப்படும் உதவித்தொகைகளுக்கு விண்ணப்பிக்கச் சட்ட மாணவர் பலர் தயங்குவதற்குக் காரணம், தமக்கு அறிவியல் பட்டம் இல்லையே என்ற எண்ணம்தான். அந்தத் தயக்கம் தேவையற்றது. மரபணுக்களுக்குக் காப்புரிமை உண்டா என்பது பற்றிய மிரியட் வழக்கில் 2013ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, மூலக்கூறு உயிரியலின் நுண்விவரங்களைத் தம் சொந்த அறிவைக் கொண்டு உறுதிப்படுத்த இயலாது என்று நீதிபதி ஸ்காலியா தனிக்குறிப்பாகவே எழுதி வைத்தார். விண்ணப்பதாரரிடம் எதிர்பார்க்கப்படுவது ஆய்வகப் பயிற்சி அன்று. ஓர் உயிரியல் உண்மை எந்த இடத்தில் சட்டத்தின் முடிவைத் தீர்மானிக்கிறது என்று சுட்டிக்காட்டும் திறன்.

அந்த இடத்தைக் கண்டுபிடிக்கப் பழக, மேற்சொன்ன தீர்ப்பையே முதலில் முழுமையாகப் படிக்குமாறு பரிந்துரைப்பேன். மார்பகப் புற்றுநோய் அபாயத்தோடு தொடர்புடைய இரு மரபணுக்களைப் பிரித்தெடுத்த மிரியட் நிறுவனம், அவற்றின் மீது காப்புரிமை கோரியது. உடலில் இயற்கையாக இருக்கும் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்ததனால் மட்டுமே அது கண்டுபிடிப்பாகிவிடாது என்று நீதிமன்றம் கூறியது. ஆனால் மரபணுவின் செய்தியைச் சுமந்து செல்லும் தூது ஆர்.என்.ஏ.விலிருந்து ஆய்வகத்தில் உருவாக்கப்படும் சி.டி.என்.ஏ.வுக்குக் காப்புரிமை பெறலாம் என்றது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, பின்னதில் இன்ட்ரான் எனப்படும் குறியீடற்ற பகுதிகள் இல்லை என்பதுதான். ஒரு வழக்கின் வெற்றி தோல்வி இவ்வளவு சிறிய உயிரியல் உண்மையில் தங்கியிருக்கிறது என்பதை உணர்ந்தவர், தம் ஆய்வுக்கான கேள்வியையும் அதே கூர்மையோடு அமைப்பார்.

கேள்வியைத் தேர்ந்தெடுப்பதிலேயே பெரும்பாலான விண்ணப்பங்கள் தடுமாறுகின்றன. "மரபணுத் திருத்தமும் சட்டமும்" என்பது ஒரு தலைப்பு. அது கேள்வி ஆகாது. 2018இல் மரபணு திருத்தப்பட்ட குழந்தைகள் பிறந்த செய்தி வெளியானதிலிருந்து இந்தத் தலைப்பில் எழுத விரும்புவோர் ஏராளம் என்பதால், அதைத் தொடுவதாயின் குறுகிய ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சட்டத்தில் இருக்கும் இடைவெளி ஒன்றிலிருந்து தொடங்குவது நல்ல வழி. மரபணுத் தகவலின் அடிப்படையில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் 2008ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் மருத்துவக் காப்பீட்டுக்கும் வேலைவாய்ப்புக்கும் பொருந்துகிறது. ஆயுள் காப்பீட்டுக்குப் பொருந்துவதில்லை. அந்த விலக்கு நியாயமானதா, பரிசோதனை செய்துகொள்ள மக்கள் அஞ்சும் நிலையை அது உண்டாக்குமா என்று கேட்டால், ஓராண்டுக்குள் ஆய்ந்து விடை காணக்கூடிய கேள்வி கிடைத்துவிடுகிறது.

தலைப்பில் உள்ள "சமூகம்" என்ற சொல்லை அலங்காரமாகக் கருதிவிட வேண்டாம். கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்த மூர் வழக்கில், புற்றுநோய்க்காக மண்ணீரல் அகற்றப்பட்ட ஒருவரின் செல்களிலிருந்து, அவருக்குத் தெரியாமலேயே, ஆய்வகத்தில் தொடர்ந்து பெருக்கி வளர்க்கக்கூடிய, காப்புரிமை பெற்ற செல் வரிசை உருவாக்கப்பட்டிருந்தது. அகற்றப்பட்ட செல்கள் மீது அவருக்குச் சொத்துரிமை இல்லை என்ற நீதிமன்றம், மருத்துவர் தமக்கு அதில் உள்ள ஆய்வு நலனையும் பண நலனையும் நோயாளியிடம் முன்கூட்டியே தெரிவித்திருக்க வேண்டும் என்றும் கூறியது. உங்கள் கேள்வியிலும் இத்தகைய மனிதர் ஒருவர் இருக்க வேண்டும்: சட்டம் இப்படியே நீடித்தால் யார் இழக்கிறார், யார் பெறுகிறார் என்று, விண்ணப்பத்தோடு தரும் நோக்கக் கட்டுரையில் பெயர் சொல்லாமலேனும் காட்டிவிடுங்கள்.

கட்டுரையை எழுதும்போது, முதல் பத்தியிலேயே கேள்வியை ஒரே வாக்கியத்தில் வைத்துவிடுங்கள். சிறுவயது முதலே அறிவியலில் ஆர்வம் என்ற தொடக்கம் எதையும் நிறுவுவதில்லை. அடுத்து, அறிவியல் பின்னணியை ஒரு பத்திக்கு மிகாமல் விளக்கி, அந்தப் பத்தியை மட்டும் உயிரியல் படித்த ஒருவரிடம் கொடுத்துப் பிழை பார்க்கச் சொல்லுங்கள். பிறகு இரண்டு துறையும் அறியாத ஒருவரிடம் முழுக் கட்டுரையையும் கொடுங்கள். அவர் எந்த வரியில் நிற்கிறாரோ அந்த வரியைத் திருத்தி எழுத வேண்டும். தீர்ப்புகளை மேற்கோள் காட்டுவதாயின், பெரும்பான்மைத் தீர்ப்போடு மாறுபட்ட கருத்தையும் படித்திருப்பது அவசியம். நேர்காணலில் அங்கிருந்தே கேள்வி வரக்கூடும்.

பரிந்துரைக் கடிதம் தருபவரிடம் கட்டுரையின் வரைவையும் சேர்த்துக் கொடுங்கள். அவகாசம் ஒரு மாதமேனும் இருக்கட்டும். உதவித்தொகை கல்விக் கட்டணத்துக்கு மட்டும் வழங்கப்படுகிறதா, ஆய்வுக் கட்டுரை ஒன்றை ஒப்படைக்கும் கடமையும் உண்டா என்பதை அறிவிப்பில் பார்த்த பிறகே காலத்திட்டத்தை வகுக்க வேண்டும். நேர்காணலுக்கு முன், நீங்கள் நம்பியிருக்கும் அறிவியல் உண்மை நாளை மாறிவிட்டால் உங்கள் சட்ட வாதத்தில் எது நிற்கும், எது விழும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.