ஒரு சிறு ஜேர்மன் நகரத்தை வரைபடத்திலிருந்து படிப்பது எப்படி?

திருகோணமலையில் பல குடும்பங்களுக்கு ஜேர்மனியில் உறவினர் உண்டு; எனினும் அந்நாட்டின் சிறு நகரங்களைப் பற்றி நாம் அறிந்திருப்பது சொற்பமே. அவற்றுள் ஒன்றை இங்கிருந்தபடியே படித்தறிய விரும்புவோர் அரசர்களின் ஆண்டுப் பட்டியலை ஒதுக்கி வைத்துவிட்டு, முதலில் நிலத்தைப் பார்க்க வேண்டும். பவேரியா மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், ஏறத்தாழ 20,000 பேர் வாழும் நோர்ட்லிங்கன் நகரம் இம்முறையைப் பழகுவதற்கு மிகப் பொருத்தமானது.

செய்மதிப் படத்தைத் திறந்ததும் நகரத்தைப் பெரிதாக்கிப் பார்க்காதீர்கள். சுற்றிலும் முப்பது நாற்பது கிலோமீற்றர் தெரியும் வரை படத்தைச் சிறிதாக்கினால், வயல்கள் நிறைந்த வட்டமான சமவெளியொன்றும் அதைச் சூழ்ந்த காட்டுக் குன்றுகளும் புலப்படும். உயரக் கோடுகள் உள்ள இடவிளக்கப்படத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ரீஸ் எனப்படும் இந்தப் பள்ளம் சுமார் 24 கிலோமீற்றர் விட்டமுடையது, ஏறத்தாழ 1.5 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல்லொன்று மோதியதால் உண்டானது. நெடுங்காலம் இதை எரிமலையின் வேலை என்றே புவிச்சரிதவியலாளர் பலர் கருதியிருந்தனர். மிக உயர்ந்த அழுத்தத்தில் மட்டுமே உருவாகும் கோயசைற் என்னும் கனிமத்தை இங்குள்ள பாறையில் யூஜின் ஷூமேக்கரும் எட்வர்ட் சாவோவும் 1960இல் இனங்கண்ட பின்னரே அக்கருத்து கைவிடப்பட்டது. மோதலுக்குப் பின் பள்ளத்தில் ஏரி தேங்கியது. அதன் படிவுகளால் மேடுபள்ளம் நிரவப்பட்ட தரைதான் இன்றைய விளைநிலம். சந்திரனுக்குச் செல்லவிருந்த அப்பல்லோ விண்வெளி வீரர்கள் 1970இல் இங்கு வந்து பாறைகளை இனங்காணப் பழகினார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

அடுத்து நகரத்தை நெருங்குங்கள். செந்நிற ஓட்டுக் கூரைகளைச் சுற்றி ஒரு மதில் வட்டமாக ஓடும். அதற்குள்ளே வட்டமாக வளையும் தெருக்களும் தெரியும். அத்தெருக்கள் நகரத்தின் முதல் மதில் நின்ற கோட்டைக் காட்டுகின்றன. வெளிமதில் 1327இல் தொடங்கப்பட்டது. இவ்விரு வட்டங்களுக்கும் இடைப்பட்ட பரப்பே நகரம் எவ்வளவு வளர்ந்தது என்பதற்கான சான்று. மதிலின் வட்டத்தையும் விண்கல் பள்ளத்தின் வட்டத்தையும் முடிச்சுப் போடுவது பலரும் செய்யும் தவறு: நகரம் பள்ளத்தின் மையத்தில் இல்லை, தென்மேற்கே ஒதுங்கியே இருக்கிறது. மதிலுக்கு ஐந்து வாயில்கள். அவற்றுள் நான்கின் பெயர்கள், அவ்வழியே சென்றால் வரும் அயற்கிராமங்களின் பெயர்கள். நகரத்தினூடாக ஓடும் ஏகர் ஆற்றையும் தேடிப் பாருங்கள். தோல் பதனிடுவோர் நீரை நாடி அதன் கரையில் குடியேறினர். தோல் உலர்த்துவதற்காகத் திறந்து விடப்பட்ட மேல்மாடங்களை அங்குள்ள பழைய வீடுகளில் இன்றும் காணலாம்.

மூன்றாவதாக, கட்டடங்கள் எந்தக் கல்லால் ஆனவை என்று கேளுங்கள். கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்து அதன் கற்களால் கோட்டை கட்டியதையும், பிரட்றிக் கோட்டை வாயிலில் உள்ள கயற்சின்னத்தையும் தமிழ் எழுத்துகளையும் அறிந்த நமக்கு இக்கேள்வி புதிதன்று. நோர்ட்லிங்கனின் நடுவில் ‘டானியல்’ என்று அழைக்கப்படும் 90 மீற்றர் உயரக் கோபுரத்துடன் நிற்கும் புனித ஜோர்ஜ் தேவாலயம், விண்கல் மோதலில் உருவான சுவெவைற் கல்லால் கட்டப்பட்டது. சாம்பல் நிறமான அக்கல்லில் உருகி உறைந்த கரிய கண்ணாடித் துணுக்குகள் பதிந்திருக்கும்; கண்ணுக்குப் புலப்படாத நுண்வைரங்களும் அதில் உண்டு. கட்டியவர்களுக்கு அது அருகில் கிடைத்த கட்டடக் கல், அவ்வளவுதான்.

ஆண்டுகளை இதன் பின்னரே எடுத்துக்கொள்ளுங்கள், சிலவே போதும். ஊரின் பெயர் 898இல் பதிவாகிறது. 1215இல் அது புனித ரோமப் பேரரசரின் நேரடி ஆட்சிக்குட்பட்ட நகரமாகிறது. 1219இல் அங்கு நடந்த பெருஞ்சந்தை பற்றிய முதற்குறிப்பு கிடைக்கிறது. வெளிமதில் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு இவ்விரண்டும் விடை தருகின்றன. முப்பதாண்டுப் போரில், 1634 செப்டெம்பரில், நகரத்துக்கு அருகே சுவீடன் படையும் அதன் நட்புப் படைகளும் பேரரசின் படையிடமும் ஸ்பானியப் படையிடமும் தோற்றன. போரால் நலிந்து வணிகத்தையும் இழந்த நகரம் நெடுங்காலம் மதிலுக்கு வெளியே பரவவில்லை. அதனாற்றான் சுமார் 2.7 கிலோமீற்றர் நீளமான மதில் முழுமையாக எஞ்சியது என்பது என் கணிப்பு. 1803 அளவில் நகரம் பவேரியாவுடன் இணைந்தது.

கதைகளைத் தனித்தாளில் எழுதுங்கள். 1440இல் எதிரிக்காகத் திறந்து விடப்பட்டிருந்த வாயில் ஒரு பன்றியால் ஊராருக்குத் தெரியவந்தது என்று அவ்வூரார் சொல்வதை, நாம் இராவணன் வெட்டு என்னும் மலைப்பிளவின் கதையை வைத்திருக்கும் இடத்தில் வைக்க வேண்டும்: விட்டுவிடவும் கூடாது, சான்றாகக் காட்டவும் கூடாது. அப்பக்கம் வாழும் உறவினர் எவரேனும் படம் அனுப்ப முன்வந்தால், கோபுர உச்சியிலிருந்து எடுத்த காட்சியை விட, தேவாலயச் சுவரின் கல்லைக் கிட்டத்தில் எடுத்த படத்தையே கேட்டு வாங்குங்கள்.