விநியோகஸ்தரை மாற்றும் முன் போட வேண்டிய கணக்கு: சிறு மாம்பழ ஜூஸ் ஆலைகளுக்கு

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கம் மாங்கூழ் வாங்கி 200 மில்லி பாட்டிலில் ஜூஸ் அடைக்கும் சிறு ஆலைக்காரர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த எண்ணம் வராமல் இருக்காது: நமக்கும் விநியோகஸ்தர்களுக்கும் நடுவில் மொத்தமாக வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் சூப்பர் ஸ்டாக்கிஸ்ட்டை எடுத்துவிட்டால் அவர் கமிஷன் நமக்கு மிஞ்சுமே? மிஞ்சவும் செய்யலாம், கையைக் கடிக்கவும் செய்யலாம். அவர் செய்துவந்த வேலை, அதாவது வண்டி, குடோன், கடன், வசூல் நான்கும் அப்படியே உங்கள் தலையில் வந்து இறங்கும். அந்த நான்குக்கும் ஒரு கேஸுக்கு (பாட்டில் பெட்டிக்கு) எவ்வளவு ஆகும் என்று காகிதத்தில் எழுதிப் பார்த்த பிறகே அவரிடம் பேச்சை ஆரம்பிக்க வேண்டும்.

கணக்கை எப்போதும் எம்ஆர்பியிலிருந்து (பாட்டிலில் அச்சிடும் அதிகபட்ச சில்லறை விலையிலிருந்து) கீழே இறக்குங்கள். அடக்க விலையிலிருந்து மேலே ஏற்றிக்கொண்டு போனால் கடைசியில் 21 ரூபாய் 40 காசு என்று வந்து நிற்கும், அந்த விலைக்குப் பெட்டிக்கடையில் பாட்டில் நகராது. எடுத்துக்காட்டுக்கு எம்ஆர்பி 20 ரூபாய், ஒரு கேஸுக்கு 24 பாட்டில் என்று வைப்போம். கடைக்காரருக்கு 4 ரூபாய் விட்டால் அவருக்கு விழும் விலை 16. விநியோகஸ்தருக்கு அவர் வாங்கும் விலையின் மேல் 8 சதவீதம் என்றால், 16-ஐ 1.08-ஆல் வகுக்க வேண்டும்: 14.81. சூப்பர் ஸ்டாக்கிஸ்ட்டுக்கு 4 சதவீதம் என்றால் 1.04-ஆல் வகுத்து 14.25. இதற்குள் ஜிஎஸ்டி அடக்கம். 2025 செப்டம்பர் 22 முதல் வாயு ஏற்றாத பழக்கூழ் பானத்துக்கு 5 சதவீதம், ஆகவே 1.05-ஆல் வகுத்தால் 13.57. பழக்கூழ், சர்க்கரை, பாட்டில், மூடி, லேபிள், அட்டைப்பெட்டி, கரண்ட், கூலி, கடன் வட்டி எல்லாம் இந்த 13 ரூபாய் 57 காசுக்குள் அடங்க வேண்டும்.

இதே ஜூஸில் சோடா வாயு ஏற்றி "ஃபிஸ்" ஆக்கினால் வரி 40 சதவீதம். மற்றவர்கள் கமிஷன் ஒரு காசு மாறாமல் உங்கள் கையில் நிற்பது 10.18 ஆகிவிடும். இனிப்போ மணமோ சேர்த்துக் கோலி சோடா, பன்னீர் சோடா போடுகிறவர்களும் இந்த 40-க்குள்தான் வருகிறார்கள். காற்றேற்றிய பானம் தயாரிப்பவர்களுக்குக் காம்போசிஷன் திட்டமும் (சிறு தொழில்கள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் முறை) கிடையாது. புதிய விநியோகஸ்தர் "ஃபிஸ் ஆக்கிக் கொடுங்க, பசங்க அதைத்தான் கேக்கறாங்க" என்றால், பதில் சொல்லும் முன் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கமிஷன் பேசும்போது நிறைய சண்டை ஒரு வார்த்தையில்தான் தொடங்குகிறது. "கடைக்கு 20 சதவீதம்" என்பது எம்ஆர்பியில் 20-ஆ, வாங்கும் விலையின் மேல் 20-ஆ? முதல் கணக்கில் கடை விலை 16 ரூபாய். இரண்டாவதில் 16.67. வித்தியாசம் 67 காசு. சூப்பர் ஸ்டாக்கிஸ்ட்டின் முழுக் கமிஷனே 57 காசுதான். ஆகவே சதவீதத்தை வாயால் பேசி முடிக்காதீர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கேஸின் விலை எவ்வளவு என்று ரூபாயில் எழுதி, வரி உள்ளேயா வெளியேயா என்பதையும் சேர்த்து, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும்.

இப்போது சூப்பர் ஸ்டாக்கிஸ்ட்டை எடுத்துவிடுவோம். 14.81-ஐ 1.05-ஆல் வகுத்தால் 14.11. பாட்டிலுக்கு 54 காசு கூடுதல், கேஸுக்கு 13 ரூபாய். மாதம் 1,000 கேஸ் விற்றால் 13,000 ரூபாய். கேட்க நன்றாக இருக்கிறது.

அவர் ஆலை வாசலில் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவர் என்றால், இனி வண்டி உங்களுடையது. 200 மில்லி கேஸ் அட்டையோடு சேர்த்து ஏறக்குறைய ஐந்தரை கிலோ. 750 கிலோ ஏற்றும் டாடா ஏஸில் 130 கேஸ்தான் முறையாகப் போகும். கிருஷ்ணகிரியிலிருந்து சேலம் போய்வர வாடகையும் சுங்கமும் சேர்த்து 3,000 என்றால் கேஸுக்கு 23 ரூபாய். மிச்சம் பிடித்த 13 போய், மேலும் 10 ரூபாய் கையிலிருந்து போகிறது. அதே ஊருக்கு 14 அடி வண்டியில் 700 கேஸ் 7,000 ரூபாய்க்குப் போனால் கேஸுக்கு 10. இறக்குக் கூலி 2. மிஞ்சுவது 1 ரூபாய். அதற்கும் ஒரே நாளில் 700 கேஸ் இறக்கி வைக்க அங்கே இடம் வேண்டும், எடுத்துக்கொள்ள ஆளும் வேண்டும். (வாடகை ஊருக்கு ஊர் மாறும். உங்கள் ஊர் வண்டி ஸ்டாண்டில் கேட்ட தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்கு முறை மாறாது.)

அடுத்தது கடன். முன்பணமோ ஒரு வாரத்துக்குள் பணமோ தந்த சூப்பர் ஸ்டாக்கிஸ்ட் போய், 21 நாள் கடன் கேட்கும் ஐந்து சின்ன விநியோகஸ்தர்கள் வந்தால், மாதம் மூன்றரை லட்ச ரூபாய் விற்பனையில் எப்போதும் இரண்டரை லட்சம் வெளியே நிற்கும். ஆண்டுக்கு 12 சதவீத வட்டி என்றாலும் மாதம் 2,500, கேஸுக்கு இரண்டரை ரூபாய். மிஞ்சிய அந்த 1 ரூபாயும் இதில் கரைந்து நஷ்டத்தில் முடிகிறது. பணம் வந்தாலும் வராவிட்டாலும் பில் போட்ட மாதத்துக்கான ஜிஎஸ்டியை அடுத்த மாதமே கட்டியாக வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) உள்ள குறு, சிறு ஆலை என்றால் பில்லிலேயே அந்த எண்ணைப் போடுங்கள். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள், இருந்தால் அதிகபட்சம் 45 நாள். அதற்குள் உங்களுக்குப் பணம் தர வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டம். தாமதித்து, நிதியாண்டு முடிவதற்குள்ளும் தராவிட்டால் அந்தச் செலவை வருமான வரியில் அந்த ஆண்டே கழிக்க முடியாது என்பதால், கணக்குப்பிள்ளை வைத்திருக்கும் விநியோகஸ்தர் இதை மதிப்பார்.

சூப்பர் ஸ்டாக்கிஸ்ட்டை எடுப்பது எங்கே லாபம் என்றால், ஆலையிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஊர்களில்தான். தர்மபுரி, ஓசூர், போச்சம்பள்ளி, பாலக்கோடு வரை நேரடியாக வையுங்கள். சேலமும் அதைத் தாண்டியும் அவரிடமே இருக்கட்டும். பாதி எடுத்துப் பாதி விட்டால் அவர் கோபித்துக்கொள்வார் என்று பயந்து எல்லாவற்றையும் பிடுங்குவதோ, எல்லாவற்றையும் அப்படியே விடுவதோ தேவையில்லை. எல்லையைப் பேசிப் பிரித்துக்கொள்ள முடியும்.

புதிய விநியோகஸ்தரைத் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் லாபத்தைப் பார்த்த அதே கண்ணால் அவர் லாபத்தையும் பாருங்கள். கேஸை 355 ரூபாய் 56 காசுக்கு வாங்கி 384-க்கு விற்கிறார். வரி போக கையில் 27 ரூபாய். மாதம் 300 கேஸ் என்றால் 8,100. கடை கடையாகச் சரக்குப் போடும் லைன் வண்டி ஒரு நாளைக்கு டீசலும் டிரைவரும் சேர்த்து 1,200, மாதம் எட்டு நாள் ஓடினாலே 9,600. உங்கள் ஜூஸை மட்டும் ஏற்றிப் போகிறவர் மூன்றாம் மாதம் நின்றுவிடுவார், அதில் அவர் குற்றம் எதுவும் இல்லை. பிஸ்கட், சிப்ஸ், தண்ணீர் பாட்டில் என்று ஏற்கெனவே அதே கடைகளுக்கு வாரம் ஒருமுறை போகும் வண்டியில் உங்கள் கேஸும் ஏற வேண்டும். அவரிடம் கேட்க வேண்டியவை: எந்த லைனில் எந்தக் கிழமை போகிறார், ஒரு நாளில் எத்தனை கடை, எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு இருக்கிறதா, ஜிஎஸ்டி எண் ஓடுகிறதா, பத்து நாள் சரக்கும் பத்து நாள் கடைக்கடனும் தாங்க 75,000 ரூபாய் இந்தப் பொருளில் போட முடியுமா. பெரிய கம்பெனி குளிர்பானத்தையும் அவரே எடுத்தால் கவனம். கடையில் கம்பெனி கொடுத்த கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜுக்குள் உங்கள் பாட்டிலை வைக்க விடமாட்டார்கள், சூடாக அலமாரியில் நிற்கும் ஜூஸை யாரும் எடுப்பதில்லை.

கைமாற்றும் நாட்கள்தான் ஆபத்தானவை. பழையவரிடம் 200 கேஸ் இருக்கும்போது புதியவர் வந்துவிட்டால், பழையவர் அதை அடக்க விலைக்கே கடைகளில் தள்ளிவிடுவார். ஒரே தெருவில் ஒரு கடைக்கு 355, பக்கத்துக் கடைக்கு 384. புதியவர் முதல் வாரமே கெட்ட பெயர் எடுப்பார், விலையை மறுபடி ஏற்ற மாதக்கணக்கில் ஆகும். மாற்றத்துக்கு 45 நாள் முன்பே பழையவருக்கு அனுப்பும் சரக்கைப் பாதியாகக் குறையுங்கள். 15 நாள் முன் நிறுத்திவிடுங்கள். கடைசி நாளில் குடோனுக்கு நேரில் போய் பேட்ச் எண் வாரியாக எண்ணி, நல்ல சரக்கை நீங்களே திரும்ப எடுத்து, அதன் தொகையை அவர் கணக்கில் வரவு வைக்கும் கிரெடிட் நோட் போடுங்கள். எடுத்த சரக்கில் ஆயுள் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தால் மட்டும் புதியவருக்குக் கொடுக்கலாம். டேமேஜ், எக்ஸ்பயரி பாக்கியைத் தீர்க்காமல் வரக் கூடாது. அந்தப் பாக்கியைத் தராத ஆலையின் பேச்சு கடைத்தெரு முழுக்கப் பரவும். கண்ணாடி பாட்டிலில் சோடா விற்கிறவர்கள் காலி பாட்டிலையும் கிரேட்டையும் தனிக் கணக்காக எண்ண வேண்டும். கடைகளில் கிடக்கும் காலிகளை எந்தப் பில்லிலும் பார்க்க முடியாது. அவை திரும்பாவிட்டால் அடுத்த லோடு அடைக்கவே பாட்டில் இருக்காது.

மாற்றத்தை ஈடுகட்ட 10+1 ஸ்கீம் (பத்து கேஸ் வாங்கினால் ஒன்று இலவசம்) போடுவது வழக்கம். அது 10 சதவீதம் இல்லை, 9.1 சதவீதம். 384 ரூபாய் கேஸ் 349-க்கு இறங்குகிறது. விநியோகஸ்தரே வாங்கும் 355-ஐவிடக் குறைவு! ஓசூரில் மட்டும் இந்த ஸ்கீம் ஓடினால், தர்மபுரிக் கடைக்காரர் அங்கிருந்து தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். ஸ்கீம் போடுவதானால் எல்லா ஏரியாவிலும் ஒரே வாரத்தில், கடைக்கு இத்தனை கேஸ்தான் என்ற வரம்போடு போடுங்கள்.

எம்ஆர்பியை ஏற்றித்தான் தீர வேண்டும் என்றால், அது புதிய பேட்ச்சில் மட்டும்தான் முடியும். அச்சிட்ட விலைக்கு மேல் ஸ்டிக்கர் ஒட்டி ஏற்றுவது சட்டப்படி தவறு. குறைக்க மட்டும் ஸ்டிக்கர் ஒட்டலாம், அதுவும் பழைய விலையை மறைக்காமல். ஒரே பாட்டிலுக்கு ஊருக்கு ஒரு எம்ஆர்பி போடவும் கூடாது. ஒகேனக்கல்லில் ஆடிப்பெருக்குக் கூட்டத்துக்கு அதிக விலை வேண்டுமானால் 250 மில்லி போல வேறு அளவில் தனி பாட்டிலாகக் கொண்டுபோங்கள்.

பெங்களூரு பக்கம் ஆள் கிடைத்தால் மூன்று விஷயம் மாறும். பில்லில் ஐஜிஎஸ்டி (மாநிலம் தாண்டிய விற்பனைக்கான ஜிஎஸ்டி) வரும், காம்போசிஷனில் இருப்பவர் மாநிலம் தாண்டி விற்கவே முடியாது. தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்ச ரூபாய்க்கு மேல்தான் இ-வே பில் (சரக்கு வண்டிக்கான ஆன்லைன் அனுமதிச் சீட்டு), மாநிலம் தாண்டினால் 50,000-க்கு மேலேயே வேண்டும். நம் விலையில் அது 140 கேஸ். லேபிளில் எடை, விலை, தேதி எல்லாம் தமிழில் மட்டும் இருந்தால் போதாது, ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும். இந்த விதி தமிழ்நாட்டுக்குள்ளும் பொருந்தும், ஆனால் வெளியூரில்தான் முதலில் பிடிபடும். ஆன்லைன் கடைகளுக்குக் கொடுத்தால், வாடிக்கையாளர் கைக்குப் போகும்போது ஆயுளில் 30 சதவீதமோ 45 நாளோ மிச்சம் இருக்க வேண்டும் என்பதால் பழைய பேட்ச்சை அங்கே தள்ள முடியாது.

எல்லாவற்றையும்விட நாள் பார்த்து மாற்றுவது முக்கியம். பழ பானத்தில் குறைந்தது 10 சதவீதம் பழம் இருக்க வேண்டும் என்ற அளவை வைத்துப் பார்த்தால், 215 கிலோ அசெப்டிக் டிரம் (கிருமி நீக்கி அடைத்த கூழ் டிரம்) ஒன்றில் ஏறக்குறைய 10,000 பாட்டில், அதாவது 425 கேஸ் வரும். மாதம் 1,000 கேஸுக்கு ஆண்டுக்கு 28 டிரம். பெங்களூரா ரக மாங்காய், கூழ் ஆலைகளுக்குள் வந்து குவிவது ஜூன், ஜூலையில். போன சீசனில் 28 டிரம் புக் செய்துவிட்டு, பிப்ரவரியில் இரண்டு புதிய விநியோகஸ்தர்களைச் சேர்த்தால், அவர்கள் குடோனை நிரப்பும் முதல் லோடே ஒரு டிரம்மின் பெரும்பகுதியைக் குடிக்கும். கோடை விற்பனையும் சேர்ந்து, கத்திரி வெயிலுக்கு முன்பே கூழ் தீர்ந்துவிடும். அப்போது வெளியில் வாங்கும் டிரம் விலை உங்கள் 13.57-க்குள் அடங்காது. கடையில் பாட்டில் இல்லாத அந்த மூன்று வாரத்தில் ஃப்ரிட்ஜ் இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

ஆகவே ஆள் மாற்றுவதை ஆகஸ்ட், செப்டம்பரில் வையுங்கள். விற்பனை மந்தம், கடைகளில் சரக்கு குறைவு, புதிய கூழ் கையில் இருக்கும், எண்ணிப் பார்க்க நேரமும் இருக்கும். புதிய ஏரியா சேர்க்கும் எண்ணம் இருந்தால் மே மாதமே முடிவு செய்து, ஒவ்வொரு புதிய விநியோகஸ்தருக்கும் அவர் மாத விற்பனையைப் பன்னிரண்டால் பெருக்கி, முதல் நிரப்புக்கு அரை மாதம் சேர்த்து, 425-ஆல் வகுத்து வரும் டிரம் எண்ணிக்கையை ஜூன் புக்கிங்கில் கூட்டிக்கொள்ளுங்கள். 300 கேஸ் ஆளுக்கு அது 9 டிரம்.