‘கொண்டிருந்தேன்’ என்றாலே ‘வாஸ்... இங்’ அல்ல

ஒரு வேலை நடந்துகொண்டிருக்கும்போது இன்னொன்று குறுக்கே வந்ததா? ஆங்கிலத்தில் நடந்துகொண்டிருந்தது பாஸ்ட் கன்டினியூவஸ் (‘வாஸ்... இங்’ வடிவம்), குறுக்கே வந்தது சிம்பிள் பாஸ்ட் (சாதாரண இறந்தகாலம்): ‘ஐ வாஸ் குக்கிங் வென் தி பெல் ராங்.’ இது பலருக்கும் சுலபமாக வந்துவிடும்.

சிக்கல் வழக்கமாகச் செய்ததைச் சொல்லும்போதுதான். ‘அப்போது தினமும் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன்’ என்பதை அப்படியே ‘ஐ வாஸ் கோயிங் பை பஸ் எவ்ரி டே’ ஆக்கிவிடுகிறோம். ‘ஐ வென்ட் பை பஸ்’ போதும்; ‘யூஸ்டு டு கோ’வும் சரி. இன்டர்வியூவில் பழைய வேலையைக் கேட்டால், ‘ஐ வொர்க்ட் தேர் ஃபார் த்ரீ இயர்ஸ்’ என்று சொல்லுங்கள், ‘வாஸ் வொர்க்கிங்’ வேண்டாம்.

அப்புறம், ‘நோ’ (know, தெரிந்திருப்பது) என்ற வினை ‘வாஸ்... இங்’ வடிவத்தில் வராது. ‘ஐ வாஸ் நோயிங் ஹிம்’ தப்பு, ‘ஐ நியூ ஹிம்’தான் சரி.