எல்லைப் பீடத்தில் ஃப்ரீடா காலோ: 1932-ஆம் ஆண்டுத் தன்னுருவ ஓவியத்தைப் பார்க்கும் முறை

மெக்சிகோவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான எல்லைக்கோட்டில் தாம் நிற்பதாக மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ வரைந்த தன்னுருவ ஓவியத்தைத் திரையில் பார்ப்பவர்கள், முதலில் அதன் அளவை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் அவர் இருந்தபோது தகட்டின் மேல் எண்ணெய் வண்ணத்தால் தீட்டிய அது, ஏறத்தாழ 32 செ.மீ. உயரமும் 35 செ.மீ. அகலமும் மட்டுமே உடையது. மெக்சிகோவின் தேவாலயங்களில் நேர்த்திக்கடனாக வைக்கப்படும் சிறு தகர ஓவியங்களின் மரபு அதில் தெரிகிறது. அதே ஆண்டில் அதே நகரின் அருங்காட்சியகத்தில் அவருடைய கணவர் தியேகோ ரிவேரா, ஃபோர்டு கார் தொழிற்சாலையைச் சுவர்களை நிறைக்கும் பேரோவியங்களாக வரையத் தொடங்கியிருந்தார். இவரோ அந்த ஆலையைப் பள்ளிச் சிலேட்டு அளவுத் தகட்டின் ஒரு மூலைக்குள் அடக்கிவிட்டார்.

முகத்தை உடனே பார்க்க வேண்டாம். மண்ணிலிருந்து மேலே செல்லுங்கள். இடப்பக்கம், மெக்சிகோ மண்ணில் பூத்த செடிகளின் வேர்கள் வெளிப்படையாகத் தெரிகின்றன. வலப்பக்கம் இயந்திரங்கள் நிற்கின்றன. அவற்றின் மின்கம்பிகளும் வேர்களைப் போலவே மண்ணுக்குள் இறங்குகின்றன. இங்கே சற்று நிதானியுங்கள்: ஒரு கம்பி எல்லையைக் கடந்து செடியின் வேரோடு சேர்கிறது, இன்னொன்று ஃப்ரீடா நிற்கும் பீடத்திலேயே செருகப்பட்டிருக்கிறது. இதைக் கவனித்தபின், இயற்கை நல்லது, இயந்திரம் தீயது என்று முடித்துவிடும் வழக்கமான விளக்கம் எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. மெக்சிகோவின் பக்கத்திலும் சிதைந்த கோயிலும் கற்குவியலும் மண்டையோடும் இருக்கின்றன அல்லவா?

வானத்தை இரு பக்கமும் சேர்த்தே பாருங்கள். ஒருபுறம் சூரியனும் சந்திரனும் மேகங்களுக்குள் இருக்க, அவற்றுக்கிடையே மின்னல் வெட்டுகிறது. மறுபுறம் ஃபோர்டு என்னும் பெயரின் நான்கு ஆங்கில எழுத்துகளை ஆளுக்கொன்றாகச் சுமக்கும் நான்கு புகைபோக்கிகளின் புகையில் அமெரிக்கக் கொடி மிதக்கிறது.

அதன் பிறகே ஃப்ரீடாவிடம் வாருங்கள். இளஞ்சிவப்பு உடை, நீண்ட பின்னல் கையுறை என்று விருந்துக்குப் புறப்பட்டவரைப் போல நிற்கும் அவருடைய ஒரு கையில் சிறிய மெக்சிகோ கொடியும் மறு கையில் சிகரெட்டும் இருக்கின்றன. உடையின் நாகரிகத்துக்குச் சிகரெட்டும், நகரின் செல்வத்துக்குக் கொடியும் பதில் சொல்கின்றன என்று நான் கொள்கிறேன். அவ்வாண்டு ஜூலையில் அவருடைய கரு கலைந்தது, செப்டம்பரில் தாய் இறந்தார். ஆயினும் அந்தத் துயரங்களை ஒவ்வொரு பொருளுக்கும் விளக்கமாக ஏற்றுவதைத் தவிர்ப்பது நல்லது.

கடைசியாகப் பீடத்தில் ஸ்பானிய மொழியில் பொறித்திருப்பதைப் படியுங்கள்: 1932-ஆம் ஆண்டில் கார்மென் ரிவேரா தன் உருவத்தை வரைந்ததாக அது கூறுகிறது. கார்மென் அவருடைய முழுப்பெயரின் ஒரு பகுதி, ரிவேரா கணவரின் குடும்பப்பெயர். ஃப்ரீடா என்ற ஜெர்மானியப் பெயரும், ஜெர்மனியில் பிறந்த தந்தையிடமிருந்து வந்த காலோ என்ற பெயரும் அங்கே இல்லை. ஆகவே இரண்டு நாடுகளை எண்ணி முடித்தவர்கள், படத்தில் இடம்பெறாத மூன்றாவது நாட்டையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு மறுபடி ஒருமுறை அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.